வெள்ளைக் குன்று விற்பனைக்கு அல்ல!

இங்கிலாந்தின் தென்கரையில் ஈஸ்ட்போர்ன் என்ற பட்டணம் இருக்கிறது. லண்டனில் இருந்து ரெயிலில் சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். விடுமுறை நாட்களில் குழந்தை குட்டிகளுடன் குடும்பங்கள் அங்கே வந்து இறங்கும். பையில் ரொட்டியும் பழமும் இருக்கும். பிளாஸ்கில் சூடான தேநீர் இருக்கும்.

அவர்கள் பார்க்க வருவது எதை? மாளிகையை அல்ல. மிருகக்காட்சி சாலையை அல்ல. ஒரு குன்றை!

பீச்சி ஹெட் என்பது அதன் பெயர். 530 அடி உயரம். கடல் பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் செங்குத்தாக நிற்கிறது. முழுவதும் சுண்ணாம்புப் பாறை. 8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடலில் வாழ்ந்த நுண்ணிய உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உண்டான பாறை அது. உச்சியிலோ கம்பளம் விரித்ததுபோல் பசும்புல். ஆடுகள் மேய்கின்றன. ஆடு மேய்ந்து புல் குட்டையாக இருப்பதால்தான் அங்கே சிறு பூக்கள் பூக்கின்றன, பட்டாம்பூச்சிகள் வருகின்றன.

குழந்தைகள் வாய் பிளக்கும் அதிசயம் ஒன்றும் உண்டு. குன்றின் விளிம்பில் பெல் டவுட் என்ற பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1902-ம் ஆண்டிலேயே அதன் வேலை முடிந்துவிட்டது. பிறகு குடியிருக்கும் வீடாயிற்று. கடல் பாறையை அரித்து அரித்து, கட்டிடம் விழும் நிலைக்கு வந்தது. 1999-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? 850 டன் எடையுள்ள கட்டிடத்தை இடிக்காமல் அப்படியே தூக்கி, 56 அடி பின்னால் நகர்த்தி வைத்துவிட்டார்கள்!

இத்தனையும் பார்க்கக் கட்டணம் உண்டா? காலணா கிடையாது. புல்வெளியில் யாரும் நடக்கலாம்.

இது தானாக வந்த சலுகை அல்ல. முதல் உலகப்போருக்குப் பிறகு அந்தக் கரையோரம் மனை மனையாக விலை போயிற்று. மேற்கே பீஸ்ஹேவனில் குன்றின்மேல் வரிசையாக வீடுகள் முளைத்தன. ஈஸ்ட்போர்ன் நகரசபை விழித்துக்கொண்டது. 1926-ல் பார்லிமெண்டில் சட்டம் நிறைவேறியது. 1929-க்குள் சுமார் 4,000 ஏக்கர் நிலத்தை நகரசபை விலைக்கு வாங்கியது. மக்கள் உலாவ வேண்டும். குன்றின் அடியில் ஊறும் குடிதண்ணீரும் கெடக்கூடாது. இதுதான் நோக்கம்.

அதே நகரசபை 2016-ல் என்ன செய்தது? அந்த நிலத்தில் முக்கால் பங்கை, நான்கு பண்ணைகளை, விற்கப் புறப்பட்டது! வேறு பணிகளுக்குப் பணம் வேண்டுமாம். நடக்கும் உரிமைக்கு ஆபத்து வராது என்று சமாதானமும் சொன்னது.

மக்கள் இதை ஏற்கவில்லை. ஏற்காதது சரியே. நடக்கும் பாதை மட்டும் இருந்தால் போதுமா? ஆடு மேய்ப்பதா, ஏர் ஓட்டுவதா, எங்கே வேலி போடுவது என்பதை நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்லவா முடிவு செய்வார்? பாட்டன் காலத்தில் ஊர்ப்பணத்தில் வாங்கிய சொத்து அது. பேரன் கையில் ஒருமுறை விலை போனால், திரும்ப வாங்க எந்த நகரசபையிடம் பணம் இருக்கும்? எதிர்ப்பு வலுத்தது. 2017-ல் நகரசபை திட்டத்தைக் கைவிட்டது.

மேற்கே சிறிது தூரத்தில் பர்லிங் கேப் இருக்கிறது. படிக்கட்டு வழியாகக் கடற்கரைக்கு இறங்கலாம். கடல் வற்றும் நேரத்தில் பாறைக் குழிகளில் நண்டும் நத்தையும் கிடக்கும். குழந்தைகளை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடு. ஆனால் கடல் ஏறும் நேரத்தை விசாரித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். குன்றின் அடியில் உட்காரக்கூடாது. உச்சியில் விளிம்பை நெருங்கக்கூடாது. சுண்ணாம்புப் பாறை சொல்லிவிட்டு விழுவதில்லை. அந்த ஊரில் கடலோரம் வரிசையாக நின்ற வீடுகளில் சில இன்று இல்லை.