டேப்பில் இல்லாத பாட்டு

நாலு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம். ராத்திரி ரிலீஸ் போகும்போது கண்ணு சொக்காம இருக்க நான் காதுல மாட்டிக்கறது கிரேட்ஃபுல் டெட் கச்சேரிகளைத்தான். தெரியாதவங்களுக்கு: கலிஃபோர்னியாக்காரங்க, ராக் குழு, 1965ல ஆரம்பிச்சு முப்பது வருஷத்துல 2,300 கச்சேரி வாக்கில் பண்ணினவங்க. ஒரு நாள் வாசிச்ச மாதிரி மறுநாள் வாசிக்க மாட்டாங்க. கிடாரும் குரலுமா முன்னால நின்ன ஜெரி கார்சியா 1995 ஆகஸ்ட் 9ந் தேதி செத்துப்போனார். அப்போ நான் பிறக்கவே இல்லை. ஆக, "அந்தக் காலத்துல நேர்ல பார்த்தப்போ..."ன்னு கொசுவத்தி சுத்த எனக்கு யோக்யதை சுத்தமா கிடையாது.

இந்த ரசிகர் கூட்டத்துக்குள்ள ஒரு பழைய பஞ்சாயத்து உண்டு. நேர்ல போனவனுக்குத்தான் கச்சேரி தெரியும், டேப் கேட்கிறவன் ஊறுகாயை நக்கிட்டு விருந்தைப் பத்திப் பேசறவன்னு ஒரு கோஷ்டி சொல்லும். இதைக் கேட்டாலே எனக்குச் சுர்ருன்னு ஏறும்.

ஏன்னா, இவங்களே தலைமேல வெச்சுக் கொண்டாடற கச்சேரி எது? 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தோட பார்ட்டன் ஹால். அதுக்கு முந்தின நாள் பாஸ்டன், மறுநாள் பஃபலோ. அதே ஆட்கள், அதே ஃபார்ம். பஃபலோதான் ஒசத்தின்னு அடிச்சுப் பேசற ஆட்களும் நிறைய. அப்புறம் கார்னெலுக்கு மட்டும் என்ன கொம்பு? பெட்டி கேன்டர் ஜாக்சன்னு ஒரு அம்மா அன்னிக்கு மேடையோட மிக்ஸரிலிருந்து எடுத்த ரெகார்டிங் அவ்வளவு துல்லியம். அந்தம்மாவோட டேப்புகள் வாடகை கட்ட முடியாத ஒரு குடோன்ல கிடந்து, 1986ல ஏலத்துக்குப் போய், வாங்கினவங்க கையிலிருந்து பிரதி மேல பிரதியா ஊரெல்லாம் பரவிச்சு. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2011ஆம் வருஷப் பட்டியல்ல இந்தக் கச்சேரியைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவா சேர்த்துச்சு. அதிகாரபூர்வமா கடைக்கு வந்தது 2017ல, நாப்பது வருஷம் கழிச்சு! ஹாலுக்குள்ள நின்னவங்க சொல்ற கதைகள்ல அடிக்கடி வர்றது என்ன தெரியுமா? வெளிய வந்தப்போ மே மாசத்துல பனி கொட்டிச்சு. அவ்வளவுதான் :-) கச்சேரியை 'கார்னெல்' ஆக்கினது டேப்புதான்.

அந்த டேப் ஆசாமிகளைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். ஆரம்பத்துல மைக்கை ஒளிச்சு வெச்சுக்கிட்டு உள்ள போனாங்க. குழுவும் பெருசா கண்டுக்கலை. 1984 அக்டோபர்ல சவுண்ட் மிக்ஸருக்குப் பின்னாலயே ரெகார்ட் பண்றவங்களுக்குன்னு தனி இடம் ஒதுக்கிட்டாங்க. ஒரே சட்டம்: காசுக்கு விக்கக் கூடாது. வெறும் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினா முகம் தெரியாத ஆள் பதிஞ்சு அனுப்புவான். இன்னிக்கு இணையத்துல ஒரு கச்சேரியைத் திறந்தா கூடவே ஒரு குறிப்பு இருக்கும். எந்த மைக், எந்த டெக், எத்தனாவது பிரதி, யார் டிஜிட்டலுக்கு மாத்தினது, கோப்பு கெடலைன்னு பார்க்க செக்சம் வரைக்கும். எங்க ப்ராஜெக்ட்ல இதுல பாதி டாக்குமெண்டேஷன் இருந்தா நான் ஏன் ராத்திரி முழிக்கிறேன்?

நல்ல கச்சேரியை மட்டும் இவங்க சேர்த்து வைக்கலை, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். 1995 கோடை டேப்புகளைக் கேட்டுப் பாருங்க. கார்சியா வரிகளை மறக்கிறார், விரல் தடுமாறுது. அந்த ஜூலை 2ந் தேதி இண்டியானாவுல டிக்கெட் இல்லாத கூட்டம் வேலியை உடைச்சு உள்ள புகுந்து, மறுநாள் கச்சேரியே ரத்தாச்சு. அந்த ராத்திரியும் டேப்ல இருக்கு. அதையெல்லாம் அழிக்காம வெச்சிருக்கிறதாலதான் 1977ஐ நான் நம்பறேன்.

இந்தத் திமிரோடதான் ஒரு வேலை பண்ணினேன்.

எங்க டீம்ல ஒரு அமெரிக்கப் பெரியவர், அறுபதை நெருங்கறவர். கால்ல மத்தவங்க சேர்ற வரைக்கும் பேசிக்கிட்டிருந்தப்போ, 1987 கோடையில ஸ்டேடியத்துல பாப் டிலனோட சேர்ந்து டெட் வாசிச்சதுக்கு அண்ணனோட போயிருந்தேன்னார். வெளிச்சம் மங்கற நேரம், 'டார்க் ஸ்டார்' போய்க்கிட்டே இருந்துச்சாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? 1984 ஜூலைக்கு அப்புறம் அந்தப் பாட்டை அவங்க மேடையில தொடவே இல்லை. திரும்ப எடுத்தது 1989 அக்டோபர்ல, ஹாம்ப்டன்ல. அன்னிக்கு வாசிச்ச பாட்டுப் பட்டியல், தேதி எல்லாம் போட்டு, பக் ரிப்போர்ட் மாதிரியே மெயில் அனுப்பினேன். "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்"னு ஒரு வரி பதில்.

அடுத்த வாரம் அவரே பேச்சை எடுத்தார். போற வழியெல்லாம் அண்ணன் கார்ல 1969ல வந்த 'லைவ் டெட்' கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டாராம். அதுல முதல் பாட்டே இருபது நிமிஷத்துக்கு மேல ஓடற டார்க் ஸ்டார். "அங்கேருந்துதான் ஒட்டிக்கிட்டிருக்கும் போல"ன்னார். அண்ணன் போய்ப் பல வருஷமாச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து போன ஒரே கச்சேரி அது. ரூட் காஸ் கிடைச்சுட்டா எனக்கு வழக்கமா ஒரு குஷி வரும். அன்னிக்கு மியூட்ல போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

டேப் சொன்னது தப்பில்லை. அதைக் கொண்டுபோய் நான் நீட்டின இடம்தான் தப்பு. மேடையில என்ன நடந்துச்சுன்னுதான் டேப்புக்குத் தெரியும். கார்ல என்ன நடந்துச்சுன்னு அந்தப் பெரியவருக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொண்ணு. நான் எப்பவும் மிக்ஸர் டேப்பைத்தான் தேடுவேன், சுத்தமா இருக்கும்னு. கூட்டத்துல நின்னு எடுத்த டேப்னா பக்கத்துல இருக்கிறவன் கத்தறது, விசில், சிரிப்பு, எல்லாம் கலந்து வரும். குப்பைன்னு தாண்டிப் போயிடுவேன். 2005 நவம்பர்ல குழுவின் தரப்பு இணையத்துல டவுன்லோடை நிறுத்தி, ரசிகர்கள் கொதிச்சுப் போய், சில நாள்ல கூட்டத்து டேப்பை மட்டும் திருப்பிக் கொடுத்தாங்க. மிக்ஸர் டேப்பைக் கேட்கலாம், இறக்கிக்க முடியாது. 'நல்லதை வெச்சுக்கிட்டு மட்டத்தைத் தள்ளிவிட்டாங்க'ன்னு அதைப் படிச்சப்போ நினைச்சிருக்கேன்.

பெரியவர் அந்த 1987 கச்சேரியோட லிங்க் கேட்டார். மிக்ஸர் டேப் எதுக்கு, கூட்டத்துல எடுத்தது இருந்தா அனுப்புன்னார். அனுப்பினேன். அவர் அண்ணன் ரெண்டு விரலை வாயில வெச்சு விசிலடிக்கிறதுல மன்னனாம். தினம் ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கிட்டுப் பாட்டுக்கு நடுவுல வர்ற இடைவெளிகளை மட்டும் கேட்கிறாராம். நேத்துகூட ஒரு இடத்தைச் சொல்லி, "இதைக் கொஞ்சம் கேட்டுப் பாரேன்"னு மெசேஜ் வந்திருக்கு.