சென்னைக்கு எது பக்கம்... மதுரையா, யாழ்ப்பாணமா?

இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் சட்டென்று மதுரை என்பார்கள். வரைபடத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். வான்வழியாக மதுரை விமான நிலையம் சென்னையிலிருந்து சுமார் 420 கி.மீ. யாழ்ப்பாணத்தின் பலாலியோ சுமார் 355 கி.மீ.தான். ஏறக்குறைய நேர் தெற்கே, கடலைத் தாண்டினால் வந்துவிடும்!

சரி, எவ்வளவு நேரம் ஆகும்? ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். கணக்குப்படி முக்கால் மணி நேரம் போதும். ஆனால் அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருப்பார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க முறை வருவது எல்லாம் அதில் அடக்கம். சுமார் 645 கி.மீ. தள்ளியிருக்கும் கொழும்பு கட்டுநாயக்காவுக்கு ஜெட் விமானத்தில் போனாலும் கிட்டத்தட்ட இதே நேரம்தான். ஆக, தூரம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்பது விமானத்தில் செல்லாது.

ஆனால் உண்மையான தூரம் இந்தக் கணக்கில் இல்லை. விமானம் ஓடுகிறதா, இல்லையா என்பதில்தான் இருக்கிறது.

1947 டிசம்பரில் ஏர் சிலோன் பறக்கத் தொடங்கியபோதே அதன் முதல் பாதை கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை என்றுதான் இருந்தது. பிறகு போர் வந்தது. பலாலி ராணுவத் தளமானது. சென்னைக்கான வழி 35 ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தது. 2009ல் போர் முடிந்த பிறகும் பத்து ஆண்டுகள் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் மகளைப் பார்க்கவோ, வைத்தியத்துக்கோ சென்னை வர நினைத்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் என்ன செய்தார்? முதலில் எதிர்த்திசையில் தெற்கே 350 கி.மீ.க்கு மேல் தரைவழியாகக் கட்டுநாயக்கா போனார். அங்கிருந்து விமானம் ஏறி, தன் ஊர்ப் பக்கமாகவே திரும்பி வடக்கே வந்தார். 355 கி.மீ. பயணம் ஆயிரம் கி.மீ. ஆனது! ஒன்றேகால் மணி நேரம் ஒரு முழு நாளானது.

2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் சேவை தொடங்கியது. நான்கு மாதத்தில் கொரோனா வந்து நிறுத்தியது. மீண்டும் பறக்க 2022 டிசம்பர் ஆனது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது.

இங்கேதான் வணிகவியல் கணக்கு வருகிறது. எழுபது இருக்கை கொண்ட விமானத்துக்கும் இறங்கு கட்டணம், ஊழியர் சம்பளம் எல்லாம் உண்டு. குறுகிய பயணத்தில் அந்தச் செலவு ஒவ்வொரு டிக்கெட்டிலும் கனமாக ஏறும். கட்டணம் ஏறினால் ஆள் குறையும், ஆள் குறைந்தால் சேவை நிற்கும். லாபம் இல்லையென்றால் நிறுத்துவது நிறுவனத்துக்கு நியாயமாக இருக்கலாம். ஆனால் பேரப்பிள்ளையைப் பார்க்கும் நேரத்துக்கு எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது?

அதனால் இரு நாட்டு அரசுகளும் இந்தப் பாதையை வெறும் வியாபாரமாகப் பார்க்கக் கூடாது. விமான நிலைய வரியைக் குறைக்கலாம். நின்றுபோகாத சேவைக்கு உதவித்தொகை தரலாம். சிறு நகரங்களை இணைக்க இந்தியா உடான் திட்டத்தில் செய்ததுதானே இது?

கடல் விரிந்துவிடவில்லை, நிலமும் நகரவில்லை. 355 கி.மீ. அன்றும் 355தான், இன்றும் 355தான். அதை ஆயிரமாக்கியது மனிதர்கள். மறுபடி ஆயிரமாகாமல் பார்த்துக்கொள்வதும் மனிதர்கள் கையில்தான் இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?