மாரடைப்பு துரைமார் நோயா?

மாரடைப்பு பங்களாவில் வாழ்பவர்களின் நோய் என்ற எண்ணம் நம்மவரிடையே வெகு காலமாக ஊறிப் போயிருக்கிறது. பெரிய பொறுப்பும் கொழுத்த சாப்பாடும் உட்கார்ந்த வேலையும் உள்ள துரைக்கு இருதயம் கெடலாம். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளி தூக்குகிறவனுக்கு என்ன வரப்போகிறது என்று லயத்து வாசலில் பேசி வந்தோம். அந்தப் பேச்சு தவறானது. தவறானது மட்டுமல்ல, தொழிலாளிக்குக் கேடானதும் ஆகும்.

லண்டன் மாநகரில் அரசாங்க இலாகாக்கள் நிறைந்த வீதிக்கு ஒயிட்ஹால் என்று பெயர். அந்த இலாகாக்களில் 1967-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களைப் பரிசோதித்துப் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். எல்லோரும் கூரையின்கீழ் வேலை செய்தவர்கள். யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். அப்படியிருந்தும், கடைசிப் படியில் இருந்த ஏவலாட்களும் வாயிற்காவலர்களும் இருதய நோயால் இறந்த விகிதம், உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல்! சிகரெட், இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்த பின்னும், அந்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் விளங்காமலே நின்றது.

பேராசிரியர் மைக்கேல் மார்மட் 1985-ல் இரண்டாவது ஆராய்ச்சியைத் தொடங்கினார். இம்முறை பெண்களையும் சேர்த்து 10,308 பேர். 1997-ல் வெளியான முடிவு என்ன? தன் வேலையை எப்படிச் செய்வது, எப்போது செய்வது என்பதில் தனக்கென்று ஒரு சொல்லும் இல்லாதவருக்கே இருதய நோய் வரும் அபாயம் அதிகம். கிராணிமார் இதைக் கவனிக்க வேண்டும். உங்களைப் போல் மேசையில் அமர்ந்து கணக்கு எழுதியவர்களைப் பற்றிய ஆராய்ச்சி அது.

வெள்ளைக்காரர் நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் டாக்டர் சலீம் யூசுப், 52 நாடுகளில் நடத்திய பேராராய்ச்சி 2004-ல் வெளியாயிற்று. முதல் மாரடைப்பு கண்ட பதினோராயிரம் பேரையும், அந்நோய் இல்லாத பதின்மூவாயிரம் பேரையும் ஒப்பிட்டார்கள். வேலையில் நெருக்கடி, வீட்டில் நெருக்கடி, பணக் கஷ்டம், மனச்சோர்வு ஆகியவை நோயாளிகளிடமே அதிகம் காணப்பட்டன. கண்டத்துக்குக் கண்டம் இதே கதைதான். தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதிலேயே வந்துவிடுகிறது என்பதும், மற்றவர்களுக்கு 59 வயதை ஒட்டியே வருகிறது என்பதும் 2007-ல் தெரிந்தது. நாமும் அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள்தானே!

கவலை நெஞ்சை எப்படித் தொடுகிறது? நிரையில் பாம்பைக் கண்டால் உடம்பு ஓடத் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இருதயம் வேகமாக அடிக்கிறது, காயம்பட்டால் இரத்தம் சீக்கிரம் உறையத் தயாராகிறது. பாம்பு போனதும் உடம்பு அடங்கிவிடும். ஆனால், கடனும் வீட்டுக் கவலையும் புதருக்குள் போய் மறைவதில்லை. மாதக் கணக்கில் இரத்த அழுத்தம் ஏறி நின்றால், இரத்தக் குழாயின் உட்சுவர் கெடுகிறது. அங்கே கொழுப்பு படிகிறது, குழாய் குறுகுகிறது. மனம் சோர்ந்தவன் மாத்திரையை மறக்கிறான்; தூக்கத்தை இழக்கிறான்; சிகரெட்டையும் சம்சுவையும் தேடுகிறான். இப்படி இரண்டு வழியாகவும் கேடு வருகிறது.

மாரடைப்பில் பிழைத்தவர்களிலும் ஐந்தில் ஒருவர் கடும் மனச்சோர்வில் விழுகிறார். கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 222 நோயாளிகளை ஆராய்ந்து 1993-ல் வெளியிட்டார்கள். மனச்சோர்வு உள்ளவர்களே ஆறு மாதத்துக்குள் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள்.

இதைக் கொண்டு எல்லாம் கவலையால்தான் என்று சொல்லிவிடக் கூடாது. புகை, நீரிழிவு, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவை பெரும் பகைவர்களே. மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்தால் இருதயமும் பிழைக்குமா என்று அமெரிக்காவில் சோதித்தார்கள். 2003-ல் வந்த முடிவின்படி மனம் தேறியது, மரணம் குறையவில்லை. ஆகவே நெஞ்சுக்கு வேண்டிய மருந்தும் வேண்டும், மனத்துக்கு வேண்டிய ஆறுதலும் வேண்டும். ஒன்று மற்றதற்கு மாற்று ஆகாது.

இனி நம் கோல சிலாங்கூர் வட்டாரத்தைப் பார்ப்போம். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் கூலி இல்லை என்பதே பால்மரத் தொழிலாளியின் வாழ்வாக இருந்தது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013-ல்தான் அமலுக்கு வந்தது. வேலை போனால் வீடும் போகும் என்ற பயம் தலைமுறை தலைமுறையாக நம்மோடு வந்தது. ரப்பர் அழிந்து செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அறிந்த பெஸ்தாரி ஜெயாவில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் ஒரு சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்துக் கிடந்தன. அந்தக் காத்திருப்பு மனத்தோடு நின்றிருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

“கவலைப்படாதே” என்று புத்தி சொல்வது எளிது. கவலைக்குக் காரணமானதை அகற்றுவதே கடமை. வீட்டுரிமை, நிலையான வருமானம், வேலைமுறை மாறுமுன் தொழிலாளியிடம் கலந்து பேசுதல் ஆகியவற்றைச் சம்பளப் பேச்சோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது போதாது. இவை உயிர் காக்கும் கோரிக்கைகள்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சொக்சோ பரிசோதனைக்கோ, உதவித் தொகை பெறும் குடும்பத்தினர் பெக்கா பி40 பரிசோதனைக்கோ தவறாமல் போக வேண்டும். அங்கே சர்க்கரையைப் பற்றிச் சொல்வது போல், தூக்கம் வராததையும் எதிலும் மனம் ஒட்டாததையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். மனம் தாளாத வேளையில் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்குப் பேசலாம். நெஞ்சு இறுகி, வியர்த்து, மூச்சு முட்டினால், “இது வெறும் கவலை” என்று படுத்துவிடக் கூடாது. உடனே 999-ஐ அழைக்க வேண்டும். மாரடைப்பு கண்டு வீட்டில் கிடக்கும் அண்ணனையோ அக்காளையோ கிளைத் தோழர்கள் வாரம் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். வேலை செய்ய இயலாமற் போனவருக்குச் சொக்சோ இயலாமை ஓய்வூதியம் கிடைக்குமா என்று விசாரித்து மனு எழுத, கிராணிமார் கைகொடுக்க வேண்டும்.

தோழர்களே! மனக்கவலை கோழைத்தனம் அல்ல. அதை வெளியே சொல்வது வெட்கக்கேடும் அல்ல. ஒருவன் நெஞ்சுக்குள் பூட்டி வைத்தால் அது நோய். பலர் கூடிப் பேசினால் அது கோரிக்கை.