யார் வீட்டு மரக்கால்?

ரேஷன் கடையில் பையை நீட்டி அரிசி வாங்கும்போது ஜெனீவா நகரத்தை நினைத்துக்கொள்கிறவர் உங்களில் யாராவது உண்டா? இருக்க மாட்டீர்கள். ஆனால் ஜெனீவாக்காரர்கள் உங்கள் பையை மறப்பதே இல்லை. அங்கே ஏரிக்கரையில் உலக வர்த்தக நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. நூற்று அறுபது சொச்சம் தேசங்களின் பிரதிநிதிகள் அதில் கூடி, எந்த சர்க்கார் தன் குடியானவனுக்கு எவ்வளவு ஒத்தாசை செய்யலாம் என்று வருஷக்கணக்கில் வாதாடுகிறார்கள். அந்த வாதத்துக்கு நடுவே கிடப்பது நம் அரிசி மூட்டை.

"ஐயோ, வியாபார ஒப்பந்தமா!" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இதுவும் ஒரு தொடர்கதைதான். வில்லன் யார் என்பது மட்டும் அவரவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பொறுத்தது.

1995 ஜனவரியில் விவசாய ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அதன் தத்துவம் எளியது. ஒரு சர்க்கார் உலக விலைக்கு மேல் கொடுத்துத் தன் விவசாயியிடம் தானியம் வாங்கினால் விளைச்சல் பெருகும். மிஞ்சியதை வெளிநாட்டில் மலிவாகத் தள்ள வேண்டி வரும். அங்கே உள்ள ஏழை விவசாயி தலையில் கை வைத்துக்கொள்வான். வாஸ்தவந்தான். 1980-களில் ஐரோப்பிய சர்க்கார்கள் வாங்கிக் குவித்ததற்கு 'வெண்ணெய் மலை' என்றே பெயர். ஆகவே ஒரு வரம்பு போட்டார்கள். எந்தப் பயிரானாலும் அதன் மொத்த மகசூல் மதிப்பில் நூற்றுக்குப் பத்து வரை வளரும் தேசங்கள் ஆதரவு கொடுக்கலாம். பணக்கார தேசங்களுக்கு நூற்றுக்கு ஐந்து.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? எவ்வளவு கொடுத்தோம் என்று அளக்கிறார்களே, அந்த மரக்காலைக் கொஞ்சம் கையில் வாங்கிப் பாருங்கள்.

சர்க்கார் கொடுக்கும் ஆதார விலையிலிருந்து 'ஒப்பீட்டு விலை' என்ற ஒன்றைக் கழிக்க வேண்டும். மீதிதான் மானியம். அந்த ஒப்பீட்டு விலை இன்றைய சந்தை விலை அல்ல. 1986 முதல் 1988 வரை இருந்த விலையின் சராசரி. அதை அப்படியே உறைய வைத்துவிட்டார்கள். அரிசிக்கு நம் கணக்கில் எழுதியிருப்பது கிலோவுக்குச் சுமார் மூன்றரை ரூபாய். அந்த விலைக்கு அரிசி வாங்கியதாக உங்கள் பாட்டி சொன்னால் நம்புவீர்கள். வேறு யார் சொன்னாலும் சிரிப்பீர்கள்.

2018-19-ல் சாதாரண நெல்லுக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 1,750 ரூபாய். நூறு கிலோ நெல் குத்தினால் அறுபத்தேழு கிலோ அரிசி என்பது சர்க்கார் கணக்கு. ஆக அரிசி கிலோ சுமார் 26 ரூபாய். மூன்றரையைக் கழித்தால் இருபத்திரண்டு ரூபாய்க்கு மேல் 'மானியம்'! நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கணக்கை ரூபாயில் எழுதாமல் டாலரில் எழுதுகிறார்கள். அப்போது வித்தியாசம் கிலோவுக்குப் பதினோரு சென்ட், அதாவது சுமார் எட்டு ரூபாய், என்று சுருங்கிவிடுகிறது. அப்படியும் அந்த வருஷம் வரம்பைத் தாண்டியது. 4,367 கோடி டாலர் மதிப்புள்ள அரிசி விளைச்சலுக்கு 500 கோடி டாலர் ஆதரவு என்று இந்தியாவே எழுதிக் கொடுத்தது. நூற்றுக்குப் பதினொன்றரை.

அதே சமயம் உலகச் சந்தையில் தாய்லாந்து அரிசி டன் சுமார் 400 டாலருக்கு விற்றது. நம் விவசாயிக்குக் கிடைத்த விலை அதைவிடக் குறைவு. நடப்பு விலையோடு ஒப்பிட்டால் மானியமே இல்லை!

அமெரிக்காவின் மரக்கால் இன்னும் பெரியது. 2010-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட பருவங்களில் இந்தியா அரிசிக்குக் கொடுத்த ஆதரவு நூற்றுக்கு 74 முதல் 84 வரை என்று 2018 மே மாதம் அந்த நாடு ஒரு கணக்கைத் தாக்கல் செய்தது. நம் கணக்கில் அதே வருஷங்களில் பத்தைத் தாண்டவே இல்லை. எப்படி என்கிறீர்களா? அவர்கள் ரூபாயில் போட்டார்கள்; சர்க்கார் வாங்கிய அரிசியை மட்டும் எண்ணாமல் தேசத்து விளைச்சல் மொத்தத்தையும் எண்ணினார்கள். அரிசி ஒன்றுதான், அளந்த கைகள் இரண்டு.

இதில் எனக்கு ஆற்றாமை தருவது வேறு ஒன்று. 1986-88-ல் தங்கள் விவசாயிகளுக்கு அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த தேசங்கள், கொடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டால் போதும், பாக்கியை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தமாயிற்று. அந்த வழியில் அமெரிக்காவுக்கு வருஷம் 1,910 கோடி டாலர் வரையும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு சுமார் 7,200 கோடி யூரோ வரையும் உரிமை நிலைத்தது. அன்று கொடுக்காதவனுக்கு அந்த உரிமை கிடையாது, பத்து சதவிகிதம்தான். பந்தியில் அதிகம் சாப்பிட்டவனுக்கே மறு சோறு என்கிற கதை.

அமெரிக்காவிலும் ஏழைகளுக்கு உணவு உதவி உண்டு. 2013-ல் 4 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் அதைப் பெற்றார்கள். அங்கே சாப்பிடுகிறவர் கையில் உதவியைக் கொடுத்துக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்வதால், எவ்வளவு செலவானாலும் வரம்பில் சேராது. நாம் விவசாயிக்கு விலை நிர்ணயித்து வாங்கிப் பிறகு ஏழைக்குக் கொடுக்கிறோம். ஏழைக்குக் கொடுப்பது குற்றமில்லையாம்; விவசாயிக்கு விலை சொன்னதுதான் கணக்கில் ஏறுகிறது. உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தன் முதல் ஜில்லா அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தபோது, நெல் கொள்முதல் இப்படியொரு வழக்காகும் என்று யார் கண்டார்கள்!

2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே டிசம்பரில் பாலித் தீவில் மந்திரிகள் மகாநாடு. நிரந்தரத் தீர்வு காணும்வரை இந்தத் தானியக் கொள்முதலுக்காக யாரும் யார் மேலும் வழக்குப் போடுவதில்லை என்று ஒரு 'சமாதான ஷரத்து' எழுதினார்கள். அது நாலு வருஷத்தோடு போய்விடுமோ என்று சந்தேகம் எழுந்தது. 2014 ஜூலையில், சுங்க நடைமுறைகளை எளிதாக்கும் ஒப்பந்தத்துக்கு இந்தியா சம்மதம் தர மறுத்துவிட்டது. உலகம் முழுவதும் வசவு. நவம்பரில், தீர்வு வரும் வரை ஷரத்தும் இருக்கும் என்று எழுத்து மூலம் வாங்கிக்கொண்டுதான் கையெழுத்தாயிற்று. பிடிவாதந்தான், ஆனால் பலித்த பிடிவாதம்.

எதிர்க் கட்சியின் பேச்சையும் கேட்க வேண்டாமா? தாய்லாந்து, வியட்நாம், பாகிஸ்தான் இவர்களும் நெல் விளைவிக்கிறவர்கள்தாம். "ஏழைக்கு என்று வாங்குகிறீர்கள், உலகத்தில் விற்பனையாகும் அரிசியில் நூற்றுக்கு நாற்பது உங்கள் தேசத்திலிருந்து வருகிறதே, அது எப்படி?" என்று கேட்கிறார்கள். சர்க்கார் கிடங்கு அரிசியை ஏற்றுமதி செய்வதில்லை என்பது நம் பதில். சரி, ஆனால் கிடங்கு இத்தனை கோடி டன்னை வாங்கிக்கொள்ளும் என்ற தைரியத்தில்தானே பஞ்சாபில் நிலத்தடி நீரை உறிஞ்சி நெல் போடுகிறார்கள்? அந்தக் கேள்விக்கு நம் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை. 2023 ஜூலையில் நாமே வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தபோது, இறக்குமதி அரிசியை நம்பியிருந்த ஆப்பிரிக்க தேசங்கள் தவித்ததும் உண்மை.

இதெல்லாம் காகிதச் சண்டை என்று நினைத்தால், கரும்பைக் கேளுங்கள். சமாதான ஷரத்து கரும்புக்குக் கிடையாது. பிரேஸில், ஆஸ்திரேலியா, குவாதிமாலா மூன்றும் தொடுத்த வழக்கில், கரும்புக்கு நாம் நிர்ணயிக்கும் விலை வரம்பை மீறியது என்று 2021 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. இந்தியா அப்பீல் செய்தது. அப்பீலை விசாரிக்கும் மன்றமோ நீதிபதி நியமனம் இல்லாமல் 2019 டிசம்பரிலேயே முடங்கியிருந்தது! வழக்கு அந்தரத்தில் தொங்கியது.

நிரந்தரத் தீர்வுக்கு 2017 என்று கெடு வைத்தார்கள். அந்த வருஷம் போனஸ் அயர்ஸில் கூடிக் கலைந்தார்கள். 2024-ல் அபுதாபியில் நாள் நீட்டிப் பேசினார்கள். தாய்லாந்துத் தூதர் நம் அரிசியைப் பற்றி ஏதோ சொல்லப்போக, இந்தியா ஆட்சேபித்து, அவர் கலந்துகொள்ளும் கூட்டத்துக்கு வர மாட்டோம் என்ற அளவுக்குப் போயிற்று. மார்ச் 2-ஆம் தேதி, விவசாயத்தில் ஒரு வரிகூட எழுதாமல் ஊர் திரும்பினார்கள்.

அந்த ஜூன் மாதம் டில்லியில் நெல்லுக்குப் புதிய ஆதார விலை அறிவித்தார்கள்: குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். ஜெனீவா ஏட்டில் அப்போதும் அரிசி கிலோ மூன்றரை ரூபாய்.