எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பில்!

முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அத்தைக்கும், கோட்டக்குப்பத்தில் இருக்கும் அவள் ஓரகத்திக்கும் பேச்சு வார்த்தையே நின்றுவிடும் போல் இருந்தது. காரணம் நிலமல்ல, நகையல்ல, கரண்டு பில்!

2024-ஆம் வருஷம், கட்டணம் ஏறிய சமயம் அது. "ஏம்மா, இதோ இருக்கிறது கோட்டக்குப்பம். அவளுக்கு இரண்டு மாசத்துக்கு 188 ரூபாயாம். எனக்கு ஒரே மாசத்துக்கு 243. அதற்கு மேல் இன்னும் என்னென்னமோ சேர்த்திருக்கிறது. நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்டாள் அத்தை.

பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். எல்லைக்கோடு மட்டும் போகவில்லை. நம் பில்லில் ஓடிக்கொண்டிருக்கிறது! அந்தப் பக்கம் தமிழ்நாட்டு மின் வாரியம்; இந்தப் பக்கம் புதுச்சேரி மின்துறை. விலை வைக்கும் ஆணையமும் வேறு வேறு.

இருவர் வீட்டிலும் மாதம் 90 யூனிட்டுதான். இங்கே 2024 ஜூனில் முதல் 100 யூனிட்டுக்கு வைத்த விலை 2 ரூபாய் 70 காசு. ஆக 243. (பிறகு அரசு கீழ்ப்படிகளுக்கு மானியம் கொடுத்தது என்பது வேறு விஷயம்.) அங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு. 2016 முதல் 100 யூனிட்டு இலவசம். மீதி 80 யூனிட்டு, 2024 ஜூலை விலைப்படி 2 ரூபாய் 35 காசு வீதம் 188.

"பார்த்தாயா!" என்றாள் அத்தை.

பொறுங்கள், அத்தை! ஏ.ஸி. ஓடி மாதம் 400 யூனிட்டு ஆகும் வீட்டுக்கு அதே விலையில் இங்கே 2,020 ரூபாய். அங்கே மாதத்துக்கு 2,385. யூனிட்டுக் கணக்கை மட்டும்தான் சொல்கிறேன். மற்றச் சேர்மானங்கள் தனி. இன்னொரு வேடிக்கை: அங்கே இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 200 வரை இருந்த மலிவு விலை பறந்துவிடும். அந்த 501-ஆவது யூனிட்டு ஒன்றுக்கு மட்டும் 243 ரூபாய் 40 காசு! அத்தையின் மாதக் கணக்கு முழுவதும் ஒரே யூனிட்டில்! நம் பக்கம் அந்த வம்பு இல்லை. படி ஏறினால் ஏறிய யூனிட்டுக்குத்தான் விலை கூடும். கீழே இருப்பது அப்படியே நிற்கும்.

ஆனால் சிக்கனமான வீட்டைக் கடிக்கிற பூச்சி வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் பில்லையும் எடுத்து வாருங்கள், சகோதரி! நிரந்தரக் கட்டணம் என்று ஒன்று இருக்கும். விளக்கே ஏற்றாவிட்டாலும் அது உண்டு. வீட்டுக்கு அனுமதித்த கிலோவாட் எத்தனையோ அத்தனைக்கு அது பெருகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இதை 2022-ல் எடுத்துவிட்டார்கள்.

அத்தை பில்லில் 4 கிலோவாட் என்றிருந்தது. இரண்டு மின்விசிறியும் ஒரு குளிர்பெட்டியும் இருக்கிற வீட்டுக்கு நாலு எதற்கு?

"மாடியில் ஏ.ஸி. இருந்ததே! பையன் பெங்களூர் போனபோது விற்றாகிவிட்டது."

ஏ.ஸி. போய்விட்டது, கிலோவாட் போகவில்லை. சுமையைக் குறைத்துக் கொடுக்கும்படி மின்துறைக்கு விண்ணப்பம் எழுதலாம்.

உற்சாகம் பிறந்துவிட்டது அத்தைக்கு. "அப்படியே கரண்டு குறைவாக இழுக்கும் புது மின்விசிறியும் வாங்கிவிடுகிறேன்!" என்றாள். அதற்கும் கணக்குப் போட்டோம். 75 வாட் பழசு தினம் பத்து மணி ஓடினால் மாதம் 22 யூனிட்டுக்குச் சற்று மேல். 30 வாட் புதுசு 9 யூனிட்டு. மிச்சம் பதின்மூன்றரை, அத்தை விலையில் சுமார் 36 ரூபாய். விசிறி மூவாயிரம் ரூபாய் என்றால் முதல் திரும்ப ஏழு வருஷம் ஆகும்! 300 யூனிட்டைத் தாண்டி 7 ரூபாய் 50 காசு கொடுக்கிற வீட்டுக்கானால் இரண்டரை வருஷம் போதும்.

பழைய விசிறி நன்றாகத்தான் சுற்றுகிறது. அத்தை அதன் கீழே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள். ஓரகத்தியோடு பேச்சு உண்டா என்று நான் கேட்கவில்லை.