அறிவியல் அரங்கம்: சுவரைக் கடந்த அலையும் தோலில் நிற்கும் அலையும்

ஒளி என்றவுடன் கண்ணுக்குப் புலனாவது மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் கண் காணும் ஒளி, மின்காந்த அலைகள் என்னும் பெருங்குடும்பத்தில் ஒரு சிறு கிளையே. வானொலி அலையும், அடுக்களையில் உணவைச் சூடாக்கும் நுண்ணலையும், எலும்பைப் படம் பிடிக்கும் எக்ஸ் கதிரும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவை யாவும் ஒரே வேகத்தில் செல்வன. அலைநீளம் ஒன்றினாலேயே வேறுபடுவன. நுண்ணலைக்கும் வெப்பக் கதிருக்கும் இடையே நெடுங்காலம் எவரும் உழாத தரிசுபோல் கிடந்த ஒரு பகுதி உண்டு. அதற்கு டெராஹெர்ட்ஸ் அலை என்று பெயர். நொடிக்கு ஒரு லட்சம் கோடி முறை அதிர்வது ஒரு டெராஹெர்ட்ஸ். இவ்வலைகளின் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டரிலிருந்து 0.03 மில்லிமீட்டர் வரை எனக் கொள்ளலாம்.

இத்தரிசின் வரப்பு வரை முதன்முதலில் ஏர் பூட்டியவர், நாம் பிழைப்பு நாடி வந்து குடியேறிய இதே கல்கத்தா நகரத்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவர் பிரசிடென்ஸி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ். 1895-ஆம் ஆண்டில் அவர் நகர மண்டபத்தில் பலர் முன்னிலையில், சுவர்களைக் கடந்து சென்ற கண்காணா அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். ஐரோப்பிய அறிஞர்கள் பெரும்பாலும் நீண்ட அலைகளோடு மன்றாடிக்கொண்டிருந்த காலத்தில், இவர் 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள அலையை உண்டாக்கினார். அது நொடிக்கு 6,000 கோடி முறை அதிர்வது.

அவர் கையாண்ட கருவிகள் நம் வீட்டுப் பண்டங்களைப் போன்றவை. அலைகள் அதிரும் திசையைப் பிரித்தறியச் சணல் நாரை முறுக்கிப் பயன்படுத்தினார். பிராட்ஷா என்னும் ரயில் கால அட்டவணை நூலின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி அதே பணியைச் செய்வித்தார். ஊர் திரும்பும் நாளை எண்ணி நம் முன்னோர் புரட்டிய அந்த நூல், அவர் கையில் ஓர் ஆய்வுக் கருவியாயிற்று! அலைகள் சிதறிப் போகாமல் ஓர் உலோகக் குழாயின் வழியே வெளிவருமாறும், மறுபுறம் ஒரு புனலில் வந்து சேருமாறும் அமைத்தார். அக்குழாயே இன்று அலைவழிக் குழாய் என வழங்குவதன் முன்னோடி. 1897-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இவற்றை விளக்கிக் காட்டினார். 1917-இல் அவர் நிறுவிய போஸ் ஆராய்ச்சி நிலையத்தில் அக்கருவிகள் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

அலைக்குக் குழாய் எதற்கு என்று கேட்கலாம். வயல் வெளியில் மடை திறந்த நீர் நாலாபுறமும் பரவி வீணாகும். வாய்க்கால் வெட்டினால் வேண்டிய பாத்திக்குச் சேரும். அலையும் அவ்வாறே. சாதாரண மின்சாரத்திற்குச் செப்புக் கம்பியே வாய்க்கால். அதிர்வு மிக மிகச் செப்புக் கம்பி அலையின் ஆற்றலைத் தானே விழுங்கி வெப்பமாக்கிவிடுகிறது. தொலைபேசிச் செய்தியைச் சுமக்கும் கண்ணாடி இழையோ டெராஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே உட்புறம் வெறும் காற்றாக உள்ள உலோகக் குழாயே தக்க வழி என்று தோன்றும். அங்கும் இரண்டு இடையூறுகள். அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் குறுகிய குழாய்க்குள் அலை நுழையாது என்பது ஒன்று. நுழைந்த துடிப்பும், திருவிழாக் கூட்டத்தில் புறப்பட்ட குடும்பம்போல் முன்னும் பின்னுமாகப் பிரிந்து, உருக்குலைந்து வந்து சேரும் என்பது மற்றொன்று.

இதற்கு 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் மெண்டிஸ், கிரிஷ்கோவ்ஸ்கி ஆகிய இருவர் ஒரு வழி கண்டனர். இரண்டு உலோகத் தகடுகளை நெருக்கமாக நிறுத்தி அவற்றின் இடைவெளியில் அலையைச் செலுத்தினால், துடிப்பு சிதையாமல் செல்கிறது. 2004-இல் டெக்ஸாஸ் மாநிலத்து ரைஸ் பல்கலைக்கழகத்தில் வாங், மிட்டில்மன் ஆகியோர் இன்னும் எளிய வழியைக் காட்டினர். குழாயும் வேண்டாம், தகடும் வேண்டாம். மேலுறையற்ற ஓர் உலோகக் கம்பியே போதும். அலை கம்பிக்குள் புகாமல், கொழுகொம்பைப் பற்றிய கொடிபோல் அதன் புறத்தே படர்ந்து செல்லும். உடலின் உட்புறத்தைக் காணும் கருவிக்கு இது வழி வகுக்கலாம் என்று அவர்கள் சுட்டினர். கம்பியை வளைத்தால் வளைவில் அலை கசிந்து போவது இதன் குறை.

உடலுக்குள் இவ்வலையைக் கொண்டு செல்ல இத்துணை முயற்சி ஏன்? காரணம் நீரே. டெராஹெர்ட்ஸ் அலையை நீர் பேராவலுடன் பருகிவிடும். நம் உடலின் பெரும்பகுதி நீர். எனவே துணியையும் காகிதத்தையும் எளிதில் கடக்கும் இவ்வகை அலை, ஈரமுள்ள நம் தோலில் அரை மில்லிமீட்டர் ஆழத்தைக்கூடத் தாண்டுவதில்லை. குறைபோலத் தோன்றும் இதுவே பயனும் ஆகிறது. எங்கே நீர் மிகுதி, எங்கே குறைவு என்பதை இவ்வலை நுட்பமாகக் காட்டும். 1995-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹூ, நஸ் இருவரும் பறித்த இலையொன்று இரண்டு நாளில் நீர் வற்றி வாடுவதை இவ்வலைகளாலேயே படமாக்கினர். புற்று கண்ட தோலுக்கும் நலமான தோலுக்கும் நீரின் அளவு வேறுபடுவது உண்டு. அவ்வேறுபாட்டைக் கொண்டு புற்றின் எல்லையை அறுவைக்கு முன்பே வரையறுக்கலாமா, தீக்காயத்தின் ஆழத்தை அளக்கலாமா என்று ஆராய்கின்றனர். இவை இன்றும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து முயற்சிகளே. ஊர்தோறும் மருத்துவமனையில் கிடைக்கும் சோதனை அல்ல.

நுண்ணலையின் கதை வேறு. அது உடலுக்குள் சற்று ஆழமாகவே செல்லும், நீரைச் சூடாக்கும். சமையலுக்கு உதவும் நொடிக்கு 245 கோடி அதிர்வுள்ள அதே அலை மருத்துவர் கையிலும் உண்டு. கல்லீரலில் தோன்றிய சிறு கட்டிக்குள், ஏறத்தாழ 3 சென்டிமீட்டருக்கு உட்பட்டதாயின், ஊசி போன்ற மெல்லிய கருவியைச் செருகி அதன் நுனியில் நுண்ணலையை வெளிவிடுகின்றனர். வெப்பம் 60 டிகிரியைக் கடந்ததும் கட்டியின் அணுக்கள் சில நிமிடங்களில் மடிகின்றன. அறுவையைத் தாங்க இயலாத நோயாளர் சிலருக்கு இது நல்ல துணை.

இவ்வலைகளால் தீங்கு உண்டோ? மார்பைப் படமெடுக்கும் எக்ஸ் கதிரின் ஒவ்வொரு துணுக்கும் டெராஹெர்ட்ஸ் துணுக்கைக் காட்டிலும் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு ஆற்றல் உடையது. எக்ஸ் கதிர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துவிடும். டெராஹெர்ட்ஸும் நுண்ணலையும் அதற்குத் திறமற்றவை. ஆயினும் வலிமை மிகுந்தால் சூடு மிகும். இரத்த ஓட்டமில்லாத கண்வில்லை அச்சூட்டை விரைவில் ஆற்றிக்கொள்ள மாட்டாது. ஆகவே கதவு கெட்ட நுண்ணலை அடுப்பை இயக்குதல் கூடாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. டெராஹெர்ட்ஸ் என்னும் பெயரைச் சூட்டி, வெப்பக் காற்றை ஊதும் கருவிகளை நீரிழிவுக்கும் மூட்டு வலிக்கும் புற்றுக்கும் மருந்தெனக் கூறி விற்போர் உளர். சூடுள்ள எப்பொருளும் சிறிதளவு டெராஹெர்ட்ஸ் அலையை வெளிவிடும். நம் கையும் வெளிவிடுகிறது. ஆவி பறக்கும் காப்பித் தம்ளரும் வெளிவிடுகிறது. அந்த அலையை வாங்கப் பல்லாயிரம் ரூபாய் கொடுக்க வேண்டுவதில்லை! பணம் போனால் மீண்டும் ஈட்டலாம். அதை நம்பி மருந்தை நிறுத்திக் கழித்த மாதங்கள் மீளா. உற்றார் அருகில்லாத வெளியூரில் முதியோரை வைத்துக் காக்கும் நம் குடும்பங்கள் இதில் இருமடங்கு விழிப்பாக இருத்தல் வேண்டும். எவரேனும் இத்தகைய கருவியைக் கொண்டுவந்தால், இது எந்த நோய்க்கு, எந்த மருத்துவமனையில், எவ்வாறு சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். தக்க விடை வாராவிடில் கதவைச் சாத்திவிடலாம்.