அந்தச் சிவப்புப் பொட்டு

எங்கள் ஆபீஸில் ஒரு நண்பர். வீட்டில் ட்யூப்லைட் ஐந்து நிமிஷம் கூடுதலாக எரிந்தால் போதும், பெண்டாட்டி பிள்ளைகளை ஒரு பிடி பிடித்துவிடுவார். ஆனால் ஹாலில் இருக்கிற ஆம்ப்ளிஃபயரை மட்டும் அணைக்கவே மாட்டார். வருஷம் 365 நாளும் ஆன்! கேட்டால், ‘‘எப்பவும் சூடா இருந்தாத்தான் சார் பாஸ் கிடார் சுத்தமா கேட்கும்’’ என்பார். (அவர் பாட்டுக் கேட்பது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம்.)

அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பழைய வால்வு செட்டுக்குச் சூடு ஏறியாக வேண்டும். டிரான்சிஸ்டர் செட்டும் ஒரு நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எவ்வளவு? மிஞ்சிப்போனால் அரைமணி. பஜ்ஜிக்கு மாவு கரைக்கும்போது ஸ்விட்சைத் தட்டினால் சரியாக இருக்கும். வால்வை ராப்பகலாக எரித்தால் அதன் ஆயுசுதான் குறையும்.

கணக்குப் பாருங்கள். சும்மா கிடக்கும்போது 50 வாட் இழுக்கிற செட் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 1.2 யூனிட். இரண்டு மாசத்துக்கு 72. தமிழ்நாட்டில் 2016-லிருந்து வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் இல்லையா? அதில் முக்கால்வாசியை, யாரும் கேட்காத ஒரு பெட்டி தின்றுவிடுகிறது!

காசை விடுங்கள். அனல்மின் நிலையத்துக் கரண்ட் என்றால் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி. 72 யூனிட்டுக்கு ஐம்பது கிலோ. நம் நாட்டு நிலக்கரியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் வேறு.

அந்தச் சாம்பல் எங்கே போகிறது? எண்ணூருக்கு வடக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், 1994 முதல் ஓடுகிறது. சாம்பல் குழாய் ஒழுகி, எண்ணூர் கழிமுகம் மேடிட்டு, மீனவர்கள் பிழைப்பு கெட்ட விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. அந்தக் கழிமுகத்தையும் வடக்கே பழவேற்காடு ஏரியையும் பக்கிங்ஹாம் கால்வாய் இணைக்கிறது. இங்கே கெட்டால் அங்கேயும் வயிற்றைக் கலக்கும்.

பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ‘பாடு’ என்று ஒரு பழைய ஏற்பாடு. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் ஒருத்தருக்கும் தேறாது. அதனால் முறை வைத்து வலை கட்டுகிறார்கள். உன் முறை இல்லையா, அன்றைக்கு அந்த இடத்தில் நீ கைவைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் நண்பரின் கதையைச் சொன்னேன்.

‘‘பாட்டு ஓடுதா சார்?’’

‘‘ஓடலை.’’

‘‘பின்ன எதுக்கு போட்டு வெச்சிருக்காரு?’’

‘‘சூடா இருக்கணுமாம்.’’

சிக்கெடுப்பதை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். ‘‘எங்க வலையே முறை வந்தாத்தான் சார் தண்ணியில எறங்கும். இது என்னா சார், முறைகெட்ட பொட்டியா இருக்குது!’’

ரிமோட்டில் அணைக்கிற உத்தமர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தச் சிவப்புப் பொட்டு எரிகிறவரை செட் தூங்கவில்லை. சும்மா இருக்கும்போது எந்தச் சாதனமும் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-லேயே சொன்னது. புது செட்டுகள் பல அப்படி வருகின்றன. பழைய ஹோம் தியேட்டர் பத்து வாட்கூட இழுக்கும். அமெரிக்காக்காரர் வீட்டில் பெரும்பாலும் ப்ளக் பாயின்ட்டில் ஸ்விட்ச் கிடையாது. பாவம், சோபாவுக்குப் பின்னால் குனிந்து பிடுங்க வேண்டும். நமக்கு அங்கேயே ஸ்விட்ச் இருக்கிறது.